அயோவாவின் காலி உண்டியல்

"அமெரிக்காக்காரன் பட்டிக்காட்டுல கூட எப்படி பார்க் வச்சிருக்கான் பாருய்யா! சுத்தம் அவன் ரத்தத்துலயே ஊறியிருக்கு!" அயோவா பக்கம் ஆணி புடுங்க வரும் நம்மாட்கள் எழுதும் பயணப் பதிவுகளில் இந்த வசனம் தவறாமல் இருக்கும். இங்கே பொட்டி தட்டிக்கிட்டு இருக்கிறவன் என்ற முறையில் சொல்றேன். ரத்தமும் இல்லை, வெங்காயமும் இல்லை மக்களே. எல்லாம் சட்டமும் துட்டும்தான். அந்தத் துட்டை இழுத்தடிப்பதில் இங்குள்ள அரசியல்வாதியும் நம்மூர்க்காரருக்குச் சளைச்சவர் இல்லை.

1955-ல் இங்கே ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு கவுண்டியும் (நம்ம மாவட்டம் மாதிரி, ஆனா சின்னது) வாக்கெடுப்பு நடத்தி, தனக்குன்னு ஒரு இயற்கைப் பாதுகாப்பு வாரியம் வச்சுக்கலாம். இன்னிக்கு 99 கவுண்டியிலும் இருக்கு. வாரிய உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. நீங்க சைக்கிள் ஓட்டி போட்டோ போடுறீங்களே, ரக்கூன் ரிவர் வேலி ட்ரெயில், அது பழைய ரயில் தடம். 89 மைல். அதைப் பார்த்துக்கிறது மூணு கவுண்டி வாரியங்கள்.

பார்த்துக்கிறதுன்னா புல்லு வெட்டுறது மட்டுமில்லை. பாதை வெடிச்சா சரி செய்யணும். வெள்ளம் பாலத்தை அரிச்சா முட்டுக் கொடுக்கணும். ப்ரெய்ரி புல்வெளியைச் சில வருஷத்துக்கு ஒருதரம் அவங்களே தீ வச்சுக் கொளுத்தணும், இல்லேன்னா சீடர் மரமும் புதரும் வந்து புல்லைத் தின்னுடும். ஒரு காலத்துல மாநிலத்தின் பெரும்பகுதி ப்ரெய்ரிதான். இன்னிக்கு ஆயிரத்துல ஒரு பங்கு கூட மிச்சமில்லை. எங்க திரும்பினாலும் மக்காச்சோளமும் சோயாவும்தான்.

இதுக்கெல்லாம் காசு? இங்கதான் கூத்து. 2010 நவம்பரில் மக்கள்கிட்ட கேட்டாங்க: இயற்கை வளத்துக்கும் பொழுதுபோக்குக்கும் தனியா ஒரு நிதி வைக்கலாமா? அடுத்த முறை விற்பனை வரி ஏறும்போது முதல் எட்டில் மூணு சென்ட் அதுக்குப் போகணும். சுமார் 63 சதவீதம் பேர் 'சரி'ன்னு குத்தினாங்க. அரசியல் சாசனத்துலயே எழுதியாச்சு. நூறு டாலருக்குச் சாமான் வாங்கினா 38 சென்ட் கூட ஆகாது. ஆனா வரியை ஏத்தினால்தானே நிதிக்கு வரும்? மாநில விற்பனை வரி 2008-ல் 6 சதவீதம் ஆனதோட நிக்குது. உண்டியல் வச்சாச்சு, பூட்டும் போட்டாச்சு, ஓட்டையை மட்டும் அடைச்சுட்டாங்க!

1989-ல் தொடங்கின ரீப் திட்டம் இருக்கேன்னு கேட்பீங்க. வருஷத்துக்கு 2 கோடி டாலர் வரை தரலாம்னு சட்டம் சொல்லுது. பல வருஷம் கிடைச்சது அதில் பாதிதான்.

எதிர்ப்பவர்கள் சொல்றது ரெண்டு. ஒண்ணு, "அரசாங்கம் நிலத்தை வாங்கிக் குவிச்சா விவசாயி எங்க போவான்?" மாநிலத்துல 97 சதவீத நிலம் தனியார்கிட்ட இருக்குய்யா. மிச்சம் மூணைப் பார்த்தா பயப்படுறீங்க? ரெண்டாவது, "விற்பனை வரி ஏழையைத்தான் அடிக்கும்." இது நியாயமான பேச்சு. வேற வரி போடுங்க, பணக்காரன்கிட்ட வாங்குங்க, நான் கைதட்டுறேன். வழியும் சொல்லாம, வாக்கையும் மதிக்காம வருஷத்தை ஓட்டினா அதுக்குப் பேர் ஏழைப்பாசம் இல்லை, ஏமாத்து வேலை.

அந்த நிதி பார்க்குக்கு மட்டும் கேட்டதில்லை, மண்ணுக்கும் தண்ணிக்கும் சேர்த்துத்தான். 2025 ஜூனில் டெ மாயின் வட்டாரத்துல ஆத்துத் தண்ணியில் நைட்ரேட் ஏறி, புல்தரைக்குத் தண்ணி விடவே தடை போட்டாங்க. நைட்ரேட்டில் பெரும்பங்கு வயல்ல இருந்து வருது. வயலுக்கும் ஆத்துக்கும் நடுவுல வடிகட்ட ஒரு துண்டுப் புல்வெளி, ஒரு சதுப்பு நிலம் வச்சுக் காப்பாத்தக் காசில்லை. தண்ணியைச் சுத்திகரிக்க மட்டும் காசு இருக்கு!

அதனால அடுத்த பதிவுல ட்ரெயில் போட்டோ போடும்போது ரத்தத்தைப் புகழாதீங்க. அந்தப் பாதையை யார் செப்பனிடுறா, காசு எங்கிருந்து வருதுன்னு ரெண்டு வரி எழுதுங்க. நம்மூர் ஏரிக்கும் இதே கேள்விதான் கேட்கணும்.

டிஸ்கி: இங்க எனக்கு ஓட்டு கிடையாது. ஆனா கடைக்குப் போனா அந்த 6 சதவீதத்தை நானும்தான் கட்டுறேன். கேள்வி கேட்க அது போதும் :-)