மழைக் கணக்கு நம் கையிலும் இருக்க வேண்டும்



"முன்ன மாதிரி மழை இல்லை" என்று லயத்தில் பேசாத நாளில்லை. வரட்சி மாதத்தில் கொழுந்து குறைந்தால், கிலோ வரவில்லை என்று பழி நம் மீது விழுகிறது. ஒரே இரவில் கொட்டும் மழைக்கு லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரிகிறது. மழை மாறிவிட்டது என்று சொன்னால், "அது உங்க நினைப்பு" என்கிறார்கள். பதிலுக்குக் காட்ட நம்மிடம் கணக்கு இல்லை.

பல தோட்டங்களில் மழைமானி வைத்து நாள்தோறும் மழையை எழுதி வருகிறார்கள். ஆனால் அந்தப் பதிவேடு அலுவலக அலுமாரியில் இருக்கிறது.

ஒரு வருஷக் கணக்கு போதாது. ஒரு வருஷம் வரட்சி, மறு வருஷம் வெள்ளம் என்று மழை ஏறி இறங்கும். அதனால்தான் உலக வானிலை அமைப்பு 30 வருஷச் சராசரியை வைத்து ஒரு இடத்தின் காலநிலையைச் சொல்கிறது. அளப்பதும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே முறையில் நடக்க வேண்டும். கொழுந்து நிறுக்கும் தராசை மாதாமாதம் மாற்றினால் கணக்கு நிற்குமா?

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனாலும் நம் மக்கள் அந்த லயங்களிலேயே இருந்தார்கள். அலுவலகத்தில் கிடக்கும் கணக்கு உயிரைக் காக்காது. மக்கள் கைக்கு வந்தால்தான் அது கோரிக்கையாகும்.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்பது அந்த நிறுவனம் வைத்த அளவு. 150 மில்லிமீற்றர் என்றால் ஒரு ஏக்கரில் 6 இலட்சம் லீற்றர் தண்ணீர். எத்தனை மில்லிமீற்றர் பெய்தது என்று தெரியாத லயத்துக்கு இந்த எச்சரிக்கையால் என்ன பயன்?

ஆகவே நாம் கேட்பதும் செய்வதும்:

1. தோட்ட நிர்வாகம் அன்றைய மழை அளவைப் பிரட்டுக்களத்தில் எழுதிப் போட வேண்டும். பழைய பதிவேடுகளையும் சங்கத்துக்குக் காட்ட வேண்டும்.

2. ஒவ்வொரு டிவிசனிலும் பாடசாலைப் பிள்ளைகள் காலை 8.30க்கு மழை அளக்கட்டும். மழைமானி கிடைக்கும்வரை, தட்டையான அடியும் நேரான பக்கமும் உள்ள பாத்திரமும் அடிமட்டமும் போதும்.

3. அதே கொப்பியில் வேலை நாளையும் பறித்த கிலோவையும் எழுதுவோம். சம்பளப் பேச்சில் அது நமக்குச் சாட்சி.

4. நிலத்தில் வெடிப்பு கண்டால் இருபுறமும் முளை அடித்து, இடைவெளியை அளந்து திகதியோடு குறிப்போம். வெடிப்பு அகன்றாலோ, புதிதாகக் கலங்கல் ஊற்று வந்தாலோ, மரம் சாய்ந்தாலோ காத்திருக்க வேண்டாம். உடனே விலகி, கிராம சேவகருக்கு அறிவிப்போம்.

இன்று தொடங்கும் கொப்பி இன்றைக்கே பெரிய உண்மை எதையும் சொல்லாது. பத்து வருஷம், இருபது வருஷம் விடாமல் எழுதினால், நம் பிள்ளைகள் பேசும்போது "உங்க நினைப்பு" என்று யாரும் தட்டிவிட முடியாது. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுப்போம்.