ஆயுதத்தோடு பிடிபட்டவனுக்கு எதற்கு வக்கீல்?

தினசரிகளில் அடிக்கடி வரும் புகைப்படம் ஒன்று உண்டு. ஒரு மேஜை, மேல் ஒரு துணி. அதில் நாலைந்து அரிவாள், இரண்டு பட்டாக்கத்தி, ஒரு நாட்டுத் துப்பாக்கி, வரிசையாக நிறுத்தி வைத்த தோட்டாக்கள். பின்னால் முகம் மூடிய சில ஆட்கள். கீழே "பயங்கர ஆயுதங்களுடன் பதுங்கியிருந்த கும்பல் கைது" என்று ஒரு வரி. "நல்லவேளை, பிடிச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு நாமும் விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

அந்த ஆட்களுக்காகவும் ஒருவர் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டில் நிற்கிறார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இந்தப் பேச்சு எடுத்தாலே என் நண்பர்கள் சொல்வது இதுதான்: "கொலை கேஸ்னா கூட ஆள் மாறிப் போச்சுன்னு சொல்லலாம்டா. ஆயுதத்தோட பிடிபட்டவனுக்கு என்ன வாதம் இருக்கு? கையில இருந்துச்சு, கதை முடிஞ்சுது."

என் கட்சி நேர் எதிர். கொலை வழக்கை விட ஆயுத வழக்கில்தான் வக்கீல் அதிகமாகத் தேவை என்கிறேன். திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். :-)

கொலை வழக்கில் ஒரு பிணம் இருக்கிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கை இருக்கிறது. இறந்தவரின் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், டீக்கடைக்காரர் என்று நாலு பேர் பேசுவதற்கு இருக்கிறார்கள். ஆயுதம் வைத்திருந்தார் என்ற வழக்கில் இது எதுவுமே கிடையாது. அடிபட்டவர் இல்லை, புகார் கொடுத்தவர் இல்லை. தகவல் வந்தது என்று சொல்பவர், சோதனை போட்டவர், எடுத்தவர், எழுதியவர், கோர்ட்டில் வந்து சாட்சி சொல்பவர் எல்லாரும் பெரும்பாலும் ஒரே காவல் நிலையத்துக்காரர்கள். அவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சொல்வது உண்மையா என்று உரசிப் பார்க்க அந்த அறையில் எதிர்த்தரப்பு வக்கீலைத் தவிர வேறு ஆளே இல்லை என்கிறேன். அவரையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அந்த மேஜை மட்டும்தான்.

சரி, அவர் அங்கே என்னதான் கேட்பார்? நம் நாட்டில் இதற்கான சட்டம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதைப் படித்துப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்விகள் அதற்குள்ளேயே இருக்கின்றன.

முதல் கேள்வி, இது ஆயுதமா? கேட்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருட்களை அந்தச் சட்டமே ஆயுதக் கணக்கிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. வாள், கட்டாரி, கத்தி போன்றவற்றுக்கு 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்று விதிகளில் ஓர் அளவும் இருக்கிறது. தேங்காய் வெட்டப் போகிறவர் சைக்கிளில் செருகியிருக்கும் அரிவாளும், ஒருவனை வெட்டப் போகிறவன் பனியனுக்குள் செருகியிருக்கும் அரிவாளும் ஒரே பட்டறையில் அடித்ததாகக் கூட இருக்கலாம். மேஜையில் வைத்துப் படம் எடுத்தால் இரண்டும் ஒன்றுதான். துப்பாக்கி என்றால் அது சுடுமா, அல்லது துருப்பிடித்த குழாயா என்று தடய அறிவியல் கூடத்தின் நிபுணர் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்வி, அது தன்னிடம் இருப்பது அவருக்குத் தெரியுமா? 1972-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு துப்பாக்கி ஒருவர் வசம் இருந்தது என்று சொல்ல வேண்டுமானால், அது இருக்கிறது என்ற அறிவு அவருக்கு இருக்க வேண்டும். கையில் இல்லாமல் வேறு இடத்தில் இருந்தால், அதன் மேல் அவருக்கு அதிகாரமோ கட்டுப்பாடோ இருந்திருக்க வேண்டும். டெல்லி உயர் நீதிமன்றத்தில் இந்த மாதிரி வழக்குகள் எத்தனையோ வந்திருக்கின்றன. விமான நிலையத்திலோ மெட்ரோ நிலையத்திலோ பையை ஸ்கேன் செய்யும்போது அடியில் ஒரே ஒரு தோட்டா கிடக்கும். துப்பாக்கி கிடையாது. பை அப்பாவுடையதாகவோ மாமாவுடையதாகவோ இருக்கும். அவருக்கு லைசென்ஸ் இருக்கும். பையைத் தூக்கி வந்தவருக்கு ஒன்றும் தெரியாது. இப்படிப்பட்ட வழக்குகளில், தெரிந்து வைத்திருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று பல எஃப்.ஐ.ஆர்.களை அந்த நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. அண்ணனின் பையை இரவல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகும் பழக்கம் நம்மில் யாருக்குத்தான் இல்லை?

மூன்றாவது கேள்வி, எங்கே, எப்படி எடுத்தீர்கள்? "அவரே வாக்குமூலம் கொடுத்தார், அவர் காட்டிய புதரில் எடுத்தோம்" என்ற வரி நமக்குப் பழக்கமானதுதான். போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது. அதில் பொருளைக் கண்டுபிடிக்க உதவிய பகுதி மட்டுமே செல்லும். அந்தப் புதர் ஊரே நடமாடும் பாதையில் இருந்தால், வைத்தது இவர்தான் என்று எப்படித் தெரியும்? மகஜரில் கையெழுத்துப் போட்டவர் உண்மையிலேயே அங்கே நின்றாரா? பொருளுக்கு அங்கேயே சீல் வைத்தார்களா? 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. நல்ல விஷயம். ஆனால் அந்த வீடியோவைக் கேட்டு வாங்கி, ஓடவிட்டு, "இங்கே பத்து நிமிடம் எங்கே போனது?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டுமே.

நான்காவது, அனுமதி. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தார் என்று வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 39-ஆவது பிரிவு. வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். போலீசுக்கு வெளியே இருக்கும் ஓர் அதிகாரி காகிதங்களைப் பார்த்து, "ஆமாம், இது வழக்குப் போட வேண்டியதுதான்" என்று சொல்ல வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம்.

இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? 2019-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். லைசென்ஸ் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் முன்பு 1 முதல் 3 ஆண்டு சிறை. இப்போது 2 முதல் 5 ஆண்டு. தடை செய்யப்பட்ட ரகம் என்றால் முன்பு 5 முதல் 10. இப்போது 7 முதல் 14. நிஜமான ஆயுதக் கடத்தல்காரனுக்கு இது தகும், நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டனை ஏற ஏற, தப்பான ஆளுக்கு அதைக் கொடுத்துவிட்டால் வரும் சேதமும் ஏறுகிறது. அபராதம் கட்டிவிட்டுப் போகிற சமாச்சாரம் இல்லை இது. வாழ்க்கையில் ஏழு வருஷம்.

"பணம் இருக்கிறவன் பெரிய வக்கீல் வைத்துத் தப்பித்துவிடுவான், அதுக்குத்தானே இதெல்லாம்?" என்று அடுத்த கேள்வி வரும். நடிகர் சஞ்சய் தத் வழக்கைப் பாருங்கள். 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் ஏ.கே.56 துப்பாக்கி வைத்திருந்ததாகக் கைதானார். தடா சட்டப்படி பயங்கரவாதி என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தே இருந்தது. அவருக்குக் கிடைக்காத வக்கீலா? ஆனாலும் அவர் தப்பிக்கவில்லை. சதியில் பங்கில்லை என்று 2006-ல் விடுவித்த அதே நீதிமன்றம், ஆயுதச் சட்டப்படி குற்றவாளி என்றது. 2013-ல் உச்ச நீதிமன்றம் 5 ஆண்டு தண்டனை கொடுத்தது. 2016-ல்தான் எரவாடா சிறையிலிருந்து வெளியே வந்தார். அவருடைய வக்கீல்கள் சாதித்தது விடுதலை இல்லை; அளவு. துப்பாக்கி வைத்திருந்தது ஒரு குற்றம், குண்டு வைக்கச் சதி செய்தது வேறு குற்றம் என்று பிரித்துக் காட்டியதுதான் அவர்கள் வேலை. எடை போடும்போது தராசில் கை வைக்காமல் பார்த்துக்கொள்வது மாதிரி. அது நியாயம் என்றால், கட்டட வேலைக்குப் போகும் ஒருவருக்கும் அதே தராசு வேண்டும் என்கிறேன். அவ்வளவுதான்.

இப்போது எல்லாரும் காத்திருக்கும் பெயருக்கு வருகிறேன். கசாப்.

கையில் துப்பாக்கியோடு படம் பிடிக்கப்பட்டவன். 2008 நவம்பரில் மும்பையில் 160-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்த தாக்குதலில் உயிரோடு சிக்கிய ஒரே ஆள். அவனுக்காக ஆஜராக மாட்டோம் என்று வக்கீல்கள் மறுத்தார்கள். கடைசியில் நீதிமன்றமே வக்கீலை நியமித்தது. வழக்கு நடந்தது, தண்டனை உறுதியானது, 2012 நவம்பரில் தூக்கிலிடப்பட்டான். வக்கீல் வைத்ததால் எதுவும் கெட்டுப் போகவில்லை.

ஆனால் பலருக்கு ஞாபகம் இல்லாத ஒரு விஷயம் உண்டு. அதே வழக்கில் இரண்டு இந்தியர்களும் குற்றவாளிக் கூண்டில் இருந்தார்கள், வரைபடம் போட்டுக் கொடுத்து உதவினார்கள் என்று. 2010-ல் விசாரணை நீதிமன்றம் அவர்கள் இருவரையும் ஆதாரம் இல்லை என்று விடுவித்தது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதி செய்தன. நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் "வக்கீலே வேண்டாம், மூன்று பேரையும் தூக்கில் போடு" என்று விட்டிருந்தால்? அந்த இருவரில் ஒருவருக்காக வாதாடிய ஷாகித் ஆஸ்மி, தடா வழக்கில் சிறையில் இருந்து, பிறகு சட்டம் படித்து வக்கீலானவர். தன் கட்சிக்காரர் விடுதலையானதை அவர் பார்க்கவில்லை. 2010 பிப்ரவரியில் மும்பை குர்லாவில் தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கி எவ்வளவு கொடூரமானது என்பது இப்படிப்பட்ட வழக்குகளை எடுத்து நடத்துகிறவர்களுக்குத் தெரியாது என்று இனி யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

நம் ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. கோவையில் வக்கீல்களுக்கும் போலீசாருக்கும் மோதல். வழக்கில் சிக்கிய போலீசாருக்காக எங்கள் உறுப்பினர் யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த மாதிரித் தீர்மானங்கள் எல்லாமே சட்டவிரோதம், வக்கீல் தொழில் தர்மத்துக்கே விரோதம் என்று தீர்ப்பளித்தது. கவனியுங்கள், இங்கே வக்கீல் கிடைக்காமல் தவித்தது போலீசார். இன்று மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் நாளை இந்தப் பக்கம் நிற்க நேரலாம். அதனால்தான் இந்த உரிமையை ஆள் பார்த்துக் கொடுக்கக் கூடாது.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. "மகஜரில் ஓட்டை, அனுமதிக் கடிதம் இல்லை என்று நிஜ ரவுடியும் வெளியே வந்துவிடுகிறானே?" வருகிறான், உண்மைதான். அது எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டையைப் போட்டது வக்கீல் இல்லை. சீல் வைக்க அரக்கும், கையெழுத்துக்கு நேர்மையான இரண்டு சாட்சியும், ஒரு அனுமதிக் கடிதமும் வாங்குவது ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. ஓட்டையைக் காட்டுகிறவரைத் திட்டினால் ஓட்டை அடைபடாது. அடுத்த வழக்கிலும் அதே சோம்பேறித்தனம்தான் தொடரும். இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரு துப்பாக்கிக்குத் தப்பான ஆள் உள்ளே போனால், சரியான ஆள் வெளியே இருக்கிறான். அவனால் இன்னொரு துப்பாக்கி வாங்க முடியும்.

கடைசியாக, நம்மைப் போன்ற மாணவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒன்று. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருக்கும் யாருக்கும் இலவச வக்கீல் உண்டு. வருமானச் சான்றிதழ் எல்லாம் அதற்குத் தேவையில்லை. கேட்காவிட்டாலும் மாஜிஸ்திரேட் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. முதன்முதலாக மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போதே அந்த உரிமை தொடங்கிவிடுகிறது என்று 2012-ல் அதே நீதிமன்றம் சொன்னது. எந்த வழக்கில் தெரியுமா? கசாப் வழக்கில்! மாவட்ட நீதிமன்றங்களில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது; 15100 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. நம் தெருவில் யாரையாவது இப்படிப் பிடித்துக்கொண்டு போனால், அவர் நல்லவரா கெட்டவரா என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அவர் வீட்டில் அழுதுகொண்டிருப்பவர்களிடம் அந்த எண்ணைக் கொடுத்தால் போதும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். சண்டை போடலாம், ஆயுதம் இல்லாமல்.