டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டில் ஒரு பிள்ளை ஜிம்முக்குப் போகத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அடுக்களையில் மைலோ டின்னுக்குப் பக்கத்தில் பெரிய கருப்பு டப்பா ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். "கிட்னி போய்விடுமாம்" என்று அம்மா பயப்படுவார். பிள்ளைக்கோ பயிற்சியாளர் சொன்னதே வேதவாக்கு. சில இடங்களில் அந்தப் பயிற்சியாளரே பொடியையும் விற்கிறார் என்பதை இருவருமே யோசிப்பதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எடைப்பயிற்சி செய்பவருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும். அதைத் தாண்டினால் தசை வளர்ச்சியில் பெரிய பலன் இல்லை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று சொன்னது. 70 கிலோ எடையுள்ள இளைஞருக்கு அது 112 கிராம். இரண்டு முட்டையில் 12, வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராமில் ஏறக்குறைய 45, நூறு கிராம் தெம்பேயில் 19, ஒரு கிளாஸ் பாலில் 8. இதுவே 84 ஆகிவிட்டது. மீதியில் பெரும்பகுதி சோறு, பருப்பு, மீனிலேயே கிடைத்துவிடும்.

பசியாற ரொட்டி சானாய், மதியம் மீ கோரெங் என்று ஓடுகிறவருக்கு இடைவெளி விழும்தான். சைவ உணவுக்காரர்களுக்கும் விழலாம். அதை நிரப்ப ஒரு கரண்டிப் பொடி உதவும். அதில் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். நாளுக்கு மூன்று கரண்டி என்பது பெரும்பாலும் காசுக்குக் கேடு.

அடுத்தது டப்பாவின் பின்பக்கம். புரதத்தை அளக்கும் வழக்கமான சோதனை உண்மையில் நைட்ரஜனைத்தான் அளக்கிறது. அதனால் கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்தால், சோதனையில் புரதம் கூடுதலாக இருப்பதுபோல் தெரியும். 2008இல் சீனாவில் பால்மாவில் மெலமின் கலந்ததும் இதே தந்திரம்தான். புரதப் பொடியின் உட்பொருள் பட்டியலில் இவை தனியாகத் தென்பட்டால், விலை மலிவாக இருப்பதன் காரணம் புரிந்துவிடும்.

மலேசியாவில் புரதப் பொடி பொதுவாக உணவாகக் கருதப்படுகிறது; 1983 உணவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆனால் மாத்திரையாகவோ காப்சூலாகவோ வரும் சத்துப்பொருள் என்றால், சுகாதார அமைச்சின் பதிவைக் காட்டும் 'எம்.ஏ.எல்.' எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பார்த்தால் பொருளின் பெயர் வரும். வேறு பெயர் வந்தால் வாங்காதீர்கள். "கொழுப்பைக் கரைக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வந்துசேரும் காப்சூல்களுக்கு இதை அவசியம் செய்யுங்கள். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுட்ராமின் என்ற மருந்து, இப்படிப்பட்ட பொருள்களில் இன்னமும் ஒளிந்து வருகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரித்துவிட்டார்கள்.

பயிற்சிக்கு முன் குடிக்கும் 'ப்ரீ-ஒர்க்அவுட்' பற்றியும் ஒரு வார்த்தை. பலவற்றில் ஒரு கரண்டிக்கு 150 முதல் 300 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு நாள் முழுவதற்குமான வரம்பே 400 தான். இரவு எட்டு மணிக்கு அதைக் குடித்துவிட்டு, தூக்கம் வரவில்லை என்று புலம்பிப் பயனில்லை.

இனி அம்மாவின் பயத்துக்கு வருவோம். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு இந்த அளவுப் புரதம் கெடுதல் செய்ததாகச் சான்று இல்லை. 'நன்றாக உள்ளவர்' என்பதில்தான் சிக்கல். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். நீரிழிவு சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் அரிக்கும். குடும்பத்தில் இனிப்புநீரோ இரத்தக் கொதிப்போ இருந்தால், டப்பாவைத் திறக்கும் முன் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தச் சர்க்கரை, சிறுநீரில் அல்புமின், இரத்தத்தில் கிரியேட்டினின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கிரியேட்டின் ஏற்கனவே எடுப்பவர் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அது கிரியேட்டினின் அளவைச் சற்றுக் கூட்டிக் காட்டும். விவரம் தெரியாத மருத்துவர், சிறுநீரகக் கோளாறோ என்று சந்தேகிக்க நேரிடும்.