காணாத நான்கு தாள்

ஈழத்தமிழர்க்குப் பழகிய சீட்டாட்டம் முந்நூற்று நான்கு. ஆளுக்கு நான்கு தாளைக் கண்டவுடன் கேள்வி. துரும்பு மறைத்தபின்னரே எஞ்சிய நான்கு வரும். அப்பதினாறையும் விரித்துவைத்து, முறையே தெரிந்தெடுக்கலாமென்று பனிச்சங்கேணியில் என்னுடன் ஆடும் நண்பர் கூறுகின்றனர். யான் உடன்படேன். காணாத நான்கை நம்பிக் கேட்கும் துணிவன்றோ இவ்வாட்டத்தின் உயிர்! பார்த்துப் பொறுக்குவது சந்தையில் மீன் வாங்குவதை ஒக்கும்.

வேண்டுமாயின் இவ்வாறு வகுக்கலாம். கேள்வி முடிந்தபின் நான்கு நான்காக மூடிக்கொடுத்து, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை வலப்புறத்தார்க்குத் தள்ளுக. அவரோ எதிர்க்கட்சியார். துரும்பிற் சிறுதாளை எடுப்பதா, முப்பது பெறும் ஜாக்கி அவர் கை சேராது தடுப்பதா? கேட்டவர் எடுக்குந்தோறும் விட்டுச்செல்பவையே மறைத்த துரும்பைக் காட்டிக்கொடுக்கவுங் கூடும். கூர்த்த அறிவுக்கு அங்கே வேலையுண்டு. இம்முறையாயின் நாளைக்கே ஆட இசைவேன்.