நாள் பார்த்துக் குடிபோதல்

வேளச்சேரியில் வாடகைக்கு வீடு தேடுவோர் தரகரிடம் கேட்கும் முதல் கேள்வி, வாடகை எவ்வளவு என்பதன்று. 2015இல் இந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதே. கணுக்கால் அளவா, இடுப்பளவா என்பதைப் பொறுத்தே பேச்சு மேலே நகரும். பத்து மாத முன்பணம், கிழக்குப் பார்த்த வாசல், மெட்ரோ தண்ணீர், வண்டி நிறுத்த இடம் எல்லாம் அதற்குப் பிறகுதான். வீடு முடிவாகிவிட்டால் சுவரில் தொங்கும் நாட்காட்டி கீழே இறங்கும். ஆடி ஆகாது, மார்கழி ஆகாது, செவ்வாய்க்கிழமை கூடவே கூடாது. பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வு முடிந்திருக்க வேண்டும். இவையனைத்தும் பொருந்திய ஒரு விடியற்காலையில் புதுவீட்டில் பாலைக் காய்ச்சிவிட்டு, சாமான்களை அடுத்த வாரம் ஏற்றிச் செல்வோம்.

எங்கள் குழுவில் மூவர் இப்பகுதியின் நிரந்தர வாடகைக் குடித்தனக்காரர்கள். மூவரும் சேர்ந்து இதுவரை பதினோரு வீடுகள் மாறியிருக்கிறோம். பதினோரு முறையும் நாள் பார்த்தாகிவிட்டது. எங்களுள் பகுத்தறிவாளர் என்று பெயர் எடுத்தவரும் பார்த்தார். அம்மாவின் திருப்திக்காக என்று விளக்கமும் சொன்னார். அவரை நாங்கள் கேலி செய்ததுண்டு. இப்போது செய்வதில்லை. நாள் பார்ப்பது என்பது பஞ்சாங்க நம்பிக்கை மட்டுமன்று, தன் வாழ்க்கையின் ஒரு பெரிய மாற்றம் எப்போது நிகழ வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமையும்கூட என்று எங்களுக்குத் தோன்றத் தொடங்கியிருக்கிறது. அந்த உரிமை இந்நகரில் எல்லோருக்கும் இல்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நடந்துவரும் தூரத்தில் குடியிருந்தார். பிறகு நகருக்கு வெளியே அரசு அடுக்கக வீடு ஒன்று அவர் குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. இப்போது இரண்டு பேருந்துகள் மாறி வருகிறார். எங்களில் ஒருவர் வீடு மாறவிருந்தபோது, மூட்டை கட்டுவது பற்றிய பேச்சுக்கிடையே, "நீங்கள் எந்த நாளில் அக்கா பால் காய்ச்சினீர்கள்?" என்று கேட்டுவிட்டார்.

"நாளா? நல்லா கேட்டீங்க சார்" என்று சிரித்தார் அக்கா. "லாரி வந்து நின்னுச்சு, ஏறுன்னாங்க, ஏறினோம். போய்ச் சேர்றப்ப ராத்திரி. பால் கடை எந்தப் பக்கம்னே தெரியாது. பொண்ணுக்கு மறுநாள் பரீட்சை. புஸ்தகம் எந்த மூட்டையில இருக்குன்னு தேடி எடுக்கவே விடிஞ்சுபோச்சு. அப்புறம் எங்க பாலு?"

அவர் குரலில் புகார் இல்லை. வீட்டைப் பற்றிக் கேட்டபோது நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறது. மழைக்கு ஒழுகுவதில்லை. ஆனால் இஸ்திரி வண்டியை மாடிக்கு ஏற்ற முடியாது. கீழே நிறுத்தினாலும் அங்கே துணி கொடுக்க ஆளில்லை. ஆகவே வண்டி எங்கள் தெருவிலேயே நிற்கிறது. அக்கா மட்டும் குடிபோயிருக்கிறார்.

நிற்க. அரசு வீடுகளின் வரலாற்றைச் சற்றே பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதற்குரிய சட்டம் வந்தது. 2021இல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது. தொடக்க காலத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அல்லது அதற்கு மிக அருகிலேயே மூன்று மாடிக் கட்டடங்கள் எழுந்தன. மெரினாவையொட்டி நிற்கும் மீனவர் குடியிருப்புகள் அக்காலத்தின் எடுத்துக்காட்டுகள். கடலும் கட்டுமரமும் அங்கேயே இருந்தன. வீடு மட்டுமே மாறியது. அப்படிப்பட்ட குடிபெயர்வுக்குப் பெரிய ஆயத்தம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பாய், பாத்திரம், சாமி படம் ஆகியவற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும். பள்ளி அதே பள்ளி, ரேஷன் கடை அதே கடை.

2000ஆம் ஆண்டையொட்டி நிலைமை மாறியது. பழைய மாமல்லபுரம் சாலையோரம் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம் என்று நகரின் தென்விளிம்பில் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே இடத்தில் கட்டப்பட்டன. 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்தோர் பலர் செம்மஞ்சேரிக்குச் சென்றனர். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றின் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் அடுக்ககங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இவ்வீடுகளுக்கு உரிமையாளர் என்று உடனே எவரும் ஆகிவிடுவதில்லை. மாதந்தோறும் தவணையோ பராமரிப்புத் தொகையோ செலுத்த வேண்டும். விற்பனைப் பத்திரம் கைக்கு வரும்வரை நடைமுறையில் அவர்களும் வாடகைக் குடித்தனக்காரர்களே. எங்களைப் போன்றவர்களே. ஆனால் நாள் பார்க்க இயலாத குடித்தனக்காரர்கள்.

வெள்ளத்துக்குப் பிந்தைய அந்தக் குடிபெயர்வுகள் எந்த மாதங்களில் நடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும், அதாவது கல்வியாண்டின் நடுவில், அவை தொடங்கிவிட்டன. மார்கழியில் குடிபோகத் தயங்கும் ஒரு சமூகம், மார்கழியில் பிறரைக் குடியேற்றத் தயங்கவில்லை. மார்கழியையாவது நம்பிக்கை என்று தள்ளிவிடலாம். அரையாண்டு முடிந்து ஆண்டுத் தேர்வுக்கு மூன்று மாதமே இருக்கும் வேளையில் ஒரு குழந்தையின் பள்ளி இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடுவதை எந்தப் பஞ்சாங்கத்தின்மேல் போடுவது?

இது புதிய கேள்வியன்று. மும்பையின் நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரத்துக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையின் பகுதியே என்று கூறியது. வெளியேற்றத்தை அது தடுத்துவிடவில்லை. எனினும் மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் கழியும்வரை, அதாவது அவ்வாண்டு அக்டோபர் 31 வரை, குடிசைகளை அகற்றக் கூடாது என்று ஆணையிட்டது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே நாட்காட்டியைப் பார்த்த தருணம் அது. மும்பையில் மழை ஓயும் மாதத்தில்தான் சென்னையில் மழை தொடங்குகிறது. ஆகவே நம்முடைய நாட்காட்டியை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

2007இல் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின்முன் வைக்கப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இதை இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. மோசமான வானிலையில், இரவில், பண்டிகை நாட்களில், தேர்தலுக்கு முன்னர், பள்ளித் தேர்வுகளின்போதோ அவற்றுக்குச் சற்று முன்போ எவரையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அந்நெறிமுறைகளை உருவாக்கிய சிறப்பு அறிக்கையாளர் மிலூன் கோத்தாரி ஓர் இந்தியர். நம் பாட்டிமார்களிடம் இந்தப் பட்டியலை வாசித்துக் காட்டினால் வியக்கமாட்டார்கள். மழையில் போகாதே, இருட்டியபின் போகாதே, நல்ல நாளும் அதுவுமாகப் போகாதே என்று அவர்களும் சொன்னார்களே!

எழுதியிருந்தும் என்ன? 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாயையொட்டிய கோவிந்தசாமி நகரில், நீதிமன்ற உத்தரவின்பேரில் வீடுகள் இடிக்கப்பட்டன. கொரோனா காரணமாக அவ்வாண்டு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் மே மாதத்துக்குத் தள்ளிப்போயிருந்தன. மிகச்சரியாக அந்நாட்களில்தான் இடிப்பும் நடந்தது. அங்கு வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதற்குப் பிறகே, மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளிலேயே மாற்று வீடுகள் வழங்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அருகிலேயே இடம் தர முடியும் என்பது அந்த அறிவிப்பால் தெளிவாயிற்று. ஓர் உயிர் போவதற்கு முன் அது ஏன் தெளிவாகவில்லை என்பதே எங்களுக்கு விளங்காதது.

வீடு மாறுவதற்கான ஆயத்தம் என்றால் அட்டைப் பெட்டிகளும் கயிறும் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையான ஆயத்தம் காகிதங்களில் இருக்கிறது. பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டையின் முகவரி, ஆதாரின் முகவரி, எரிவாயு இணைப்பு, வாக்காளர் பட்டியல், முதியோர் உதவித்தொகை, அங்கன்வாடிப் பதிவு, அரசு மருத்துவமனையில் மாதந்தோறும் மாத்திரை வாங்கும் சீட்டு. எங்களைப் போன்றோர் இவற்றில் பாதியைக் கணினிமுன் அமர்ந்து முடித்துவிடுகிறோம். மீதியை மாற்றாமலேயே ஆண்டுகளைக் கடத்துகிறோம். எங்களுள் ஒருவரின் வாக்கு இன்னும் மூன்று வீடுகளுக்கு முந்தைய முகவரியில்தான் இருக்கிறது. அதனால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. ஆனால் உதவித்தொகையில் மருந்து வாங்கும் மூதாட்டிக்கு ஒரு மாதம் தாமதமானாலும் நட்டம்தான்.

வேளச்சேரியிலிருந்து பெரும்பாக்கம் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் தொலைவு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தூரம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே குடியேற்றம் தொடங்கியபோது அது சென்னை மாநகராட்சிக்கு வெளியே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஓர் ஊராட்சி. 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோது அதனுள் சென்றது. நகருக்குள்ளிருந்து லாரியில் ஏறியவர் இறங்கும்போது வேறொரு மாவட்டத்தின் குடிமகனாகிவிட்டார். வட்டாட்சியர் வேறு, பதிவேடு வேறு. இத்தனையையும் அறிந்தவர்கள், லாரியை அனுப்புவதற்கு முன் அந்தக் காகிதங்களை அனுப்பியிருக்கலாம்.

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஆற்றங்கரை ஆபத்தானது, 2015இல் நள்ளிரவில் ஏறிய வெள்ளம் நாள் பார்த்து வரவில்லை. நீர்நிலைகளை மீட்காவிட்டால் அடுத்த வெள்ளத்தில் எல்லோரும்தான் மூழ்குவோம். நீதிமன்றங்கள் கெடு விதிக்கும்போது அலுவலர்களால் காத்திருக்க இயலாது. அவரவர் விருப்பப்படி தேதி என்றால் யாருமே கிளம்பமாட்டார்கள். இவையனைத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் பெரும்பாலான மறுகுடியமர்வுகள் ஓரிரவில் முடிவாவதில்லை. கணக்கெடுப்பு, கைரேகைப் பதிவு, திட்ட அனுமதி, கட்டுமானம் என்று ஆண்டுக்கணக்கில் நடந்த வேலையின் இறுதி வாரத்தில் மட்டும் அவசரம் வந்து புகுந்துகொள்கிறது. கட்டுவதற்கு ஐந்து ஆண்டு எடுத்துக்கொள்பவர்கள், கிளம்புவதற்கு ஐந்து நாட்கள்கூடத் தராமலிருப்பதற்குப் பெயர் அவசரமன்று.

ஆகவே எங்கள் கோரிக்கை எளியது. முதலாவது, குடிபோகும் தேதி எழுத்தில், மூன்று மாதங்களுக்கு முன்னர், தமிழில் தரப்பட வேண்டும். அத்தேதி ஏப்ரல் இறுதிக்கும் மே இறுதிக்கும் இடையிலான விடுமுறையில் அமைய வேண்டும். அதற்குள் மூன்று நாட்களைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லலாம். இரண்டாவது, குலுக்கல் குடும்பம் குடும்பமாக அல்லாமல் சந்து சந்தாக நடக்கட்டும். பத்து வீட்டார் சேர்ந்து போனால் ஒரு தளம் அவர்களுக்கு, முதியோரும் நடக்க இயலாதோரும் கீழ்த்தளத்தில். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துவீட்டுக்காரி எந்த ஒதுக்கீட்டு ஆணையிலும் எழுதப்படாதவர். ஆனால் ஒரு தாய் வேலைக்குப் போவதே அவரை நம்பித்தான். மூன்றாவது, பள்ளி, ரேஷன், உதவித்தொகை ஆகியவற்றுக்கான முகாம் பழைய தெருவிலேயே, கிளம்புவதற்கு முன் நடக்கட்டும். நான்காவது, போய்ச் சேர்வதற்கு முன் ஒரு நாள் பகலில் சாவியைக் கொடுத்து வீட்டைப் பார்த்துவர விடட்டும். பாலைக் காய்ச்சுவதற்கு அந்த ஒரு நாள் போதும்.

இவற்றுள் எதற்கும் புதிய கட்டடம் வேண்டியதில்லை. பெருஞ்செலவும் இல்லை.

இதை வேளச்சேரியிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஏரியின் ஒரு பகுதி வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புகளாகவே மாறியது. அங்கே பட்டாவோடும் பத்திரத்தோடும் வாழ்பவர்கள் உண்டு; அதே ஏரிக்கரையில் எதுவுமின்றி வாழ்பவர்களும் உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஏரி தொடர்பான வழக்கு நடந்த அண்மை ஆண்டுகளில், கரைவாழ் குடும்பங்களை அகற்றுவது பற்றிய பேச்சு அடிக்கடி எழுந்தது. ஏரி மீள வேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. மழை எச்சரிக்கை வந்ததும் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவைக்கும் ஊர் இது. நீரின் அருமையையும் ஆத்திரத்தையும் எங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஏரியை மீட்பதற்காகக் கிளம்ப வேண்டியவர்கள் யார், இருக்கலாகிறவர்கள் யார் என்ற கேள்விக்கு நம்மிடம் நேர்மையான விடை இல்லாதபோது, குறைந்தபட்சம் கிளம்புகிறவர்களுக்கு ஒரு நல்ல நாளையாவது விட்டுவைக்கலாம்.

கணக்கெடுப்பாளர்கள் வரும்போது எத்தனை பேர், எத்தனை அறை, ஆதார் எண் என்ன என்று கேட்பார்கள். அப்போது அருகில் நிற்கும் நம்மில் ஒருவர் அவர்களிடம் ஒன்றைத் திருப்பிக் கேட்கலாம்: எந்த நாளில் போக வேண்டும்? விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்கலாம். தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேட்கப் பழகிய ஊருக்கு இன்னொரு கேள்வியைப் பழகிக்கொள்வது கடினமாக இராது.