காட்டோர விவசாயி காட்டுக்குப் பகையா?

கொல்லிமலை, சேர்வராயன், கல்வராயன் மலைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நகரத்தில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது: "சிறு விவசாயிகளால்தான் காடு அழிகிறது. அவர்களை ஒதுக்கிவிட்டால் அது தானே தழைக்கும்." இந்தத் தீர்ப்புக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, 'அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள்.' மதராஸ் வனச் சட்டம் வந்தது 1882-இல். அதற்கு முன்பே கொல்லிமலையில் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாக வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் விதைத்துவந்தார்கள். வனவாசிகளுக்கு வரலாற்று அநீதி நேர்ந்தது என்று 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. பின்னால் வந்து மரம் வெட்டி நிலம் சேர்த்தவர்களும் உண்டுதான். அவர்களைப் பிரித்தறியத்தான் அந்தச் சட்டம் 2005 டிசம்பர் 13 என்று நாள் குறித்திருக்கிறது. பிரித்துப் பார்க்கும் வேலைக்குச் சோம்பி, எல்லாருக்கும் ஒரே பட்டம் கட்டுவது நியாயமாகாது.

இரண்டாவது, 'சாமையை விட்டுவிட்டுக் குச்சிக்கிழங்கு போட்டு மலையைக் கெடுத்தார்கள்.' இதில் பாதி உண்மை இருக்கிறது. சரிவில் கிழங்கு பிடுங்கினால் மண் இளகி மழையில் போகிறது. ஆனால் ஏன் மாறினார்கள்? கீழே ராசிபுரம், ஆத்தூர், சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் கையில் காசு கொடுத்தன. சாமைக்கோ வாங்க ஆளில்லை. வீட்டுக்கு வைத்துக்கொண்டாலும் உமி போக உரலில் போட்டுக் குத்த வேண்டும். அந்த உலக்கை பெண்களின் தோளில் இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியத்தை மீட்க முனைந்தபோது, விதையோடு உமி நீக்கும் இயந்திரத்தையும் ஊருக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது அதனால்தான். பயிர் மாறியதற்கு மனக்கோளாறு காரணமில்லை. விலையும் உலக்கையுமே காரணம்.

மூன்றாவது, 'வனவிலங்கைக் கண்டாலே அவர்களுக்கு ஆகாது.' சேந்தமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் கடலை விளையும் நேரத்தில் போய்ப் பாருங்கள். வயலைச் சுற்றிக் குச்சி நட்டு, வீட்டுப் பெண்களின் பழஞ்சேலைகளைக் கட்டியிருப்பார்கள். சேலை காற்றில் ஆடினால் பன்றி தயங்கும் என்று நம்பிக்கை. "ஒரு ராத்திரி கூட்டமா எறங்குச்சுன்னா மூணு மாசப் பாடு போச்சுங்க" என்பார்கள். அடிவாரத்தில் மயிலும் விட்டுவைப்பதில்லை. அதன்மேல் யாரும் கைவைக்க முடியாது. மின்வேலியும் நஞ்சும் வைப்பவர்களை நான் நியாயப்படுத்த வரவில்லை, அது குற்றம். ஆனால் 2025 ஜனவரியில் அரசு அறிவித்த விதியைப் பாருங்கள்: காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால்தான் வனத்துறையினர் சுடலாம். காட்டைக் காக்க இந்த வரம்பு தேவையாக இருக்கலாம். ஆனால் காட்டுக்கு மிக அருகில் இருப்பவருக்குத்தான் மிகக் குறைந்த நிவாரணம். அந்தச் சுமைக்கு ஈடு தராமல் அவரிடம் அன்பை மட்டும் எதிர்பார்க்கிறோம்.

நான்காவது, 'பாதுகாப்பில் அவர்களுக்கு அக்கறை இல்லை.' வேடந்தாங்கல் சரணாலயமாவதற்கு வெகுகாலம் முன்பே பறவைகளைச் சுடவிடாமல் காத்தவர்கள் ஊர் விவசாயிகள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமானது. 2018-இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்குக் கல் நட்டபோது எதிர்த்து நின்றவர்களும் விவசாயிகளே. அந்தப் பாதை காப்புக்காடுகளின் ஊடாகவும் போவதாக இருந்தது. "தங்கள் நிலத்துக்காகத்தானே போராடினார்கள்?" என்பீர்கள். ஆமாம், அதற்காகத்தான். ஏரி தன் வயலுக்கு உதவியதால் பறவை பிழைத்தது. தன் நிலத்தோடு மலையும் போகும் என்பதால் மலைக்கும் குரல் கிடைத்தது. தன்னலம் கலக்காத அக்கறைதான் வேண்டும் என்றால் நகரத்திலும் அது அதிகம் கிடைக்காது.

ஆகவே விவசாயியின் மனதைத் திருத்தும் விழிப்புணர்வு முகாம்கள் இரண்டாம் பட்சம். பயிர்ச் சேதத்துக்கு அடுத்த விதைப்புக்குள் இழப்பீடு, சாமைக்கும் தேனுக்கும் மிளகுக்கும் நியாய விலை, தகுதி உள்ளவர்களுக்குத் தாமதமில்லாத பட்டா ஆகியவைதான் முதலில் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்கும் பெயர் காடுதான். காலையில் "காட்டுக்குப் போறேன்" என்று கிளம்புகிறவர் மண்வெட்டியோடு தன் கடலைக்காட்டுக்குத்தான் போகிறார். இந்தக் காட்டில் அவருக்கு நட்டம் வராதவரை, அந்தக் காட்டுக்கு அவரால் ஆபத்து குறைவு.