பத்து மணிக்கு மேல் புறப்படும் வீடு

நியூஸிலாந்தின் தென்தீவில் ஜூலைதான் நடுக்குளிர். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். மாவோரிப் புத்தாண்டான மத்தாரிக்கியின் விடுமுறையும் அதோடு சேர்ந்து வந்த ஒரு வருடம், கிரைஸ்ட்சர்ச்சில் மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குயின்ஸ்டவுனுக்குக் கிளம்பினோம். நான், கணவர், மகள், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா. வண்டிக்குள்ளேயே அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை எல்லாம் உண்டு. ஆறு டன்னுக்கு உட்பட்ட வண்டி என்றால் இங்கே கார் உரிமமே போதும். நான்தான் ஓட்டினேன்.

மாலைக்குள் நிறைய இடம் பார்த்துவிட வேண்டும் என்று விடியும் முன்பே புறப்பட்டிருந்தோம். ஃபேர்லி தாண்டி பர்க்ஸ் பாஸ் ஏறும்போது மணி ஒன்பதரை இருக்கும். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஈரச் சாலையில் டயர் தண்ணீரை உழுதுகொண்டு போகும் சரசரப்பு காதில் விழுந்துகொண்டே வந்தது. ஒரு வளைவில் மலையின் நிழல் சாலைமேல் கிடந்தது. நிழலுக்குள் நுழைந்ததும் அந்தச் சத்தம் நின்றுபோயிற்று. ஸ்டீயரிங் கையில் கனமே இல்லாமல் சுழன்றது. பின்பக்கம் மெல்ல இடதுபுறம் நகர்ந்தது. இழுப்பறைக்குள் கரண்டிகள் ஒன்றாகச் சரிந்தன. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தேன். அடுத்த வெயில் துண்டில் டயர் சாலையைப் பிடித்துக்கொண்டது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்குக் கை நடுக்கம் நிற்க டெக்காப்போ வர வேண்டியிருந்தது.

பிளாக் ஐஸ் என்று இங்கே எல்லாரும் சொல்வது அதைத்தான். கண்ணுக்கு வெறும் ஈரத் தார்ச்சாலை. உண்மையில் கண்ணாடி போன்ற பனிக்கட்டி. மேகமில்லாத இரவில் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். விடிந்த பிறகும் மலை நிழலிலும் பாலங்களிலும் கட்டி கரையாமல் கிடக்கும். சாலைக்காரர்கள் ராத்திரியெல்லாம் அலைந்து, கால்சியம் மெக்னீசியம் அசிட்டேட் கரைசலைத் தெளிக்கிறார்கள், பொடி ஜல்லி தூவுகிறார்கள். ஆனாலும் எல்லா வளைவுக்கும் அவர்களால் போய்விட முடியாது. காரும் வழுக்கும்தான். ஆனால் மோட்டார்ஹோம் உயரம், கனம், பக்கக் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தால் அதுவே நூறு கிலோ.

அன்றிரவு டெக்காப்போ ஏரிக்கரையில் நின்றோம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஏழு. காலையில் நாலு பேரின் மூச்சும் ஜன்னலின் உட்புறம் உறைந்து பூப்போட்டிருந்தது. குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. வண்டிக்கு அடியில் போகும் குழாய் உறைந்துவிட்டது. அம்மாவோ முதல் நாள் ராத்திரியே இரண்டு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து மூடி வைத்திருந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்த தெருவில் நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள். காபி கிடைத்தது.

அன்று விடிவதற்கு முன்பே அம்மாவை எழுப்பி, இரண்டு போர்வையைச் சுற்றி வெளியே கூட்டிப்போயிருந்தேன். அந்த வட்டாரம் 2012 முதல் பன்னாட்டு இருள்வானக் காப்பகம். வெளிச்ச மாசு மிகக் குறைவு. வடகிழக்கில் தாழ்வாக மத்தாரிக்கி நட்சத்திரக் கூட்டம் நின்றது. மாவோரி மக்கள் பலருக்கு அது தெரிவதுதான் புத்தாண்டு. கடந்த வருடத்தில் இறந்தவர்களின் பெயரைச் சொல்லி நினைப்பதும் அந்த நேரத்தில்தான் என்றேன். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "கார்த்திகைடீ இது," என்றாள். அது உண்மை, அதே நட்சத்திரக் கூட்டம்தான். அப்பா போய் அப்போது பத்து மாதம். அவள் கை கூப்பியபடி கொஞ்ச நேரம் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

அங்கிருந்து கிளம்பி ஒமராமா போய்ச் சேர்ந்தபோது, குயின்ஸ்டவுன் வழியிலுள்ள லிண்டிஸ் பாஸ் மூடியிருந்தது. 971 மீட்டர் உயரக் கணவாய். பனி கொட்டினால் அடைத்துவிடுவார்கள். குயின்ஸ்டவுனில் இடத்துக்குக் கட்டிய பணம் போய்விடும் என்று கணவர் போனும் கையுமாக வேறு வழி தேடிக்கொண்டிருந்தார். சுற்றிக்கொண்டு போகலாமா என்று எனக்கும் ஒரு தவிப்பு.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "என்னத்துக்குடீ இப்படிப் பறக்கறேள்? வீட்டுலதானே இருக்கோம்?"

அந்த வார்த்தை என்னை உட்காரவைத்துவிட்டது. கார்களில் வந்தவர்கள் ராத்திரி தங்க அறை தேடி அலைந்தார்கள். எங்களுக்கோ படுக்கை, அடுப்பு, அரிசி எல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்தன. வீட்டையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டு, நேரத்துக்கு வேறொரு ஊர் போய்ச் சேரத்தான் அந்த நிழல் வளைவில் என் பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் குளிர்காலத்தில் பத்து மணிக்கு முன் சாவியைத் திருப்புவதில்லை. நாலு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை. ரத்து செய்ய முடியாத முன்பதிவும் செய்வதில்லை.

அன்று மத்தியானம் சக்கரச் சங்கிலியை எடுத்து மாட்டிப் பார்த்தோம். வண்டி கொடுத்தவர்கள் பையைக் காட்டினார்களே தவிர, எந்தச் சக்கரத்துக்கு என்று சொல்லவில்லை. எஞ்சின் சுழற்றும் சக்கரத்துக்குத்தான் மாட்ட வேண்டும்; எங்கள் வண்டியில் அது பின்சக்கரம். இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டும். கையுறையோடு கொக்கி மாட்ட வரவில்லை, கழற்றினால் இரும்பு விரலில் ஒட்டுகிறது. வெயிலில், சமதரையில், மூன்றாம் தடவைதான் சரியாக உட்கார்ந்தது. இருட்டில் மலைச்சரிவில் முதல் தடவையாக அதைச் செய்யும்படி யாருக்கும் நேரக் கூடாது.

மறுநாள் பதினொரு மணிக்குப் பாதை திறந்தது. ஜல்லி தூவும் லாரி முன்னால் போக, வெகுதூரம் விட்டு நாற்பதில் ஏறினேன். இரண்டு பக்கமும் புல்மலைகள் வெள்ளையாகக் கிடந்தன. பேத்தியின் தலை பாட்டி மடியில். நான் பேசவில்லை, பாட்டும் போடவில்லை. வண்டிக்கு அடியில் ஜல்லி பட்டு, எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் பொரிந்துகொண்டே வந்தது. கணவாய் இறங்கி முடியும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே ஓட்டினேன்.